தபால்பெட்டிக்குப் பின்னால் ஓர் ஆள்

1970ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். பிலடெல்பியா வட்டாரத்தில் வியட்நாம் போரை எதிர்த்து ஊர்வலம் போனவர்களிடையே ஒரு பேச்சு ஓயவே இல்லை. கூட்டத்தில் பக்கத்தில் நின்று கோஷம் போடுபவன் எஃப்.பி.ஐ.யின் ஆளாக இருக்கலாம். வீட்டுத் தொலைபேசியை யாரோ ஒட்டுக்கேட்கலாம். கல்லூரியில் யார் யாரோடு பழகுகிறார்கள் என்பது எங்கோ ஒரு கோப்பில் ஏறிக்கொண்டிருக்கலாம். வெளியே சொன்னால் பிரமை என்று ஒதுக்கினார்கள். ஜே. எட்கர் ஹூவர் 1924 முதல் தலைமை தாங்கிவந்த அந்த அமைப்பின்மீது அமெரிக்கர்களில் பெரும்பாலோருக்கு அப்போது அவ்வளவு மதிப்பு. கொள்ளைக்காரர்களைத் துரத்திப் பிடிக்கும் நாயகர்களாகத்தான் சினிமாவும் தொலைக்காட்சியும் அதன் அதிகாரிகளைக் காட்டிவந்தன.

ஹேவர்ஃபோர்டு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த வில்லியம் டேவிடனும் அந்தச் சந்தேகத்தோடுதான் இருந்தார். ஆனால் சந்தேகத்தைப் பேசிப் பேசி வளர்ப்பதில் அவருக்கு விருப்பமில்லை. வேவு பார்ப்பது உண்மையென்றால் அது குடிமக்களின் பேச்சுரிமையை நசுக்கும் குற்றம். உண்மையில்லை என்றால் வீண் பயத்தால் இயக்கமே அழிந்துபோகும். எது சரி என்று சொல்லும் ஆதாரம் எஃப்.பி.ஐ.யின் அலமாரிகளில் மட்டுமே இருக்க முடியும். அதை எடுத்து வருவோமா என்று நம்பகமானவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டார்.

எட்டுப் பேர் சேர்ந்தார்கள். ஒன்பதாவது ஆள் ஒருவர் முதலில் வந்து பிறகு விலகிக்கொண்டார். டெம்பிள் பல்கலைக்கழகத்தில் சமயத்துறைப் பேராசிரியரான ஜான் ரெய்ன்ஸ், அவர் மனைவி பானி, டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த கீத் ஃபோர்சைத் ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். ரெய்ன்ஸ் தம்பதிக்கு மூன்று குழந்தைகள். பிடிபட்டால் பல ஆண்டுகள் சிறை. பிலடெல்பியா தலைமை அலுவலகத்தில் காவல் பலமாக இருந்ததால், பக்கத்துச் சிற்றூரான மீடியாவில் இருந்த கிளை அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மேலே குடித்தனங்கள் இருந்த கட்டடம். எதிரே நீதிமன்றம், அங்கே இரவுக் காவலர். எஃப்.பி.ஐ.யில் பெண்களுக்கு என்ன வேலைவாய்ப்பு என்று ஆராயும் கல்லூரி மாணவியாக வேடமிட்டுப் பானி உள்ளே போனார். கைரேகை படியாமலிருக்கக் கடைசிவரை கையுறையைக் கழற்றவே இல்லை. எச்சரிக்கை மணி ஏதும் இல்லை, அலமாரிகளில் பலவற்றுக்குப் பூட்டும் இல்லை என்று பார்த்துவிட்டு வந்தார்.

1971 மார்ச் 8 இரவு. நியூயார்க்கில் முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் மோதிக்கொண்டிருந்தார்கள். ஊரே அந்தக் குத்துச்சண்டையின் வர்ணனையில் மூழ்கியிருக்கும் என்று கணக்குப் போட்டே இந்த நாளைக் குறித்திருந்தார்கள். ஃபோர்சைத் பார்த்துவைத்த கதவில் எதிர்பாராத இன்னொரு பூட்டு இருந்தது, அதைத் திறக்க அவரால் முடியவில்லை. பக்கத்துக் கதவைத் திறந்தால் அதன் பின்னால் கனமான அலமாரி. அது கவிழ்ந்து சத்தம் எழுந்தால் எல்லாம் முடிந்தது. தரையில் படுத்துக்கொண்டு நெம்பி நெம்பி அங்குலம் அங்குலமாக அதைத் தள்ளினார். பிறகு மற்றவர்கள் பெட்டிகளோடு வந்து, 1,000க்கும் மேற்பட்ட ஆவணங்களை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தக் காகிதங்களில் என்ன இருந்தது?

ஒரு குறிப்பு, போர் எதிர்ப்பாளர்களை அடிக்கடி விசாரிக்கும்படி அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது. அப்படிச் செய்தால் அந்த வட்டாரங்களில் ஏற்கெனவே ஊறியிருக்கும் அச்சம் இன்னும் வளரும். ஒவ்வொரு தபால்பெட்டிக்குப் பின்னாலும் ஓர் எஃப்.பி.ஐ. ஆள் நிற்கிறான் என்ற எண்ணம் அவர்களிடம் பதியும் என்பது அதன் விளக்கம். இந்த ஆவணத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். வேவு பார்ப்பது குற்றத்தைக் கண்டுபிடிக்க அல்ல. பயத்தை உண்டாக்கவே. எந்த மனநிலையைப் பிரமை என்று உலகம் ஏளனம் செய்ததோ, அதை உற்பத்தி செய்வதே அரசின் எழுதிவைத்த திட்டமாக இருந்தது.

ஸ்வார்த்மோர் கல்லூரித் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர், கல்லூரிக் காவல் தலைவர், உள்ளூர்த் தபால் அதிகாரி ஆகியோரிடமிருந்து தகவல் வாங்கியது பதிவாகியிருந்தது. கறுப்பின மாணவர் சங்கங்கள் எல்லாவற்றையும் கண்காணிக்க ஓர் உத்தரவு இருந்தது; அவர்கள் வன்முறையில் இறங்கினார்களா இல்லையா என்பது கேள்வியே இல்லை. படிவங்களையும் கையேடுகளையும் ஒதுக்கிவிட்டு மீதியைக் குழுவினர் எண்ணிப் பார்த்தபோது, 40 சதவீதம் அரசியல் கண்காணிப்பு. அதில் இடதுசாரி, தாராளவாதக் குழுக்கள் 200க்கு மேல். வலதுசாரிக் குழுக்கள் இரண்டு. திட்டமிட்ட குற்றக் கும்பல்களைப் பற்றியவை வெறும் 1 சதவீதம்.

நகல்களைச் செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் உள்ளிட்ட அரசியல்வாதிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் பெயரில்லாத கடிதத்தோடு அனுப்பினார்கள். அரசியல்வாதிகள் அப்படியே எஃப்.பி.ஐ.யிடம் ஒப்படைத்துவிட்டார்கள். வாஷிங்டன் போஸ்டில் பெட்டி மெட்ஸ்கர் என்ற நிருபர் அந்த உறையைப் பிரித்தார். வெளியிட்டால் உயிர்களுக்கு ஆபத்து என்று அட்டர்னி ஜெனரல் ஜான் மிட்செல் மீண்டும் மீண்டும் தடுத்துப் பார்த்தும், பத்திரிகை அதிபர் கேத்தரின் கிரஹாம் அனுமதித்தார். மார்ச் 24 அன்று செய்தி வந்தது. 200 அதிகாரிகள் தேடியும், 33,000 பக்கங்களுக்கு மேல் கோப்பு வளர்ந்தும், எட்டுப் பேரில் ஒருவரையும் பிடிக்க முடியவில்லை. 2014இல் அவர்களில் பெரும்பாலோர் மெட்ஸ்கரின் புத்தகம் வழியாகத் தாங்களே முன்வந்து பெயர் சொன்னார்கள். டேவிடன் அதற்குச் சில மாதங்கள் முன்பு காலமாகியிருந்தார்.

ஆனால் மீடியாவில் எடுத்த காகிதங்களிலேயே மிகப் பெரிய வெடி, ஆரம்பத்தில் யார் கண்ணிலும் படாத ஒரு சிறு துண்டுச் சீட்டுதான். மாணவர் போராட்டங்களைக் கண்டித்த ஒரு கட்டுரையைக் கல்வியாளர்களுக்குப் பெயரில்லாமல் அனுப்பச் சொன்ன சீட்டு அது. அதன் தலைப்பில் ‘கோயின்டெல்ப்ரோ’ என்று ஒரு சொல். அதற்கு என்ன பொருள் என்று என்.பி.சி. நிருபர் கார்ல் ஸ்டெர்ன் கேட்டார். பதில் வரவில்லை. தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டார். 1973 டிசம்பரில்தான் முதல் ஆவணங்கள் அவர் கைக்கு வந்தன.

எதிரி உளவுத் தடுப்புத் திட்டம் என்பதன் சுருக்கம் அது. உள்நாட்டுக் குடிமக்களே அதன் எதிரிகள். 1956இல் கம்யூனிஸ்ட் கட்சிக்கு எதிராகத் தொடங்கி, பின்னர் வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான், கறுப்பின இயக்கங்கள், புதிய இடதுசாரிகள் என்று விரிந்தது. மீடியா கொள்ளைக்கு அடுத்த மாதமே ஹூவர் அதை மூடச் சொல்லிவிட்டார். 1975இல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையில் அமைந்த செனட் குழு கோப்புகளைத் திறந்தபோது, அனுமதிக்கப்பட்ட நடவடிக்கைகள் மட்டும் 2,370 என்று தெரிந்தது. மொட்டைக் கடுதாசி போட்டுக் குடும்பத்தைப் பிரிப்பது, முதலாளியிடம் சொல்லி வேலையைப் பறிப்பது, இயக்கத்தில் உண்மையாக உழைத்தவன்மீதே ‘இவன் போலீஸின் ஆள்காட்டி’ என்று முத்திரை விழும்படி போலி ஆதாரம் தயாரிப்பது எல்லாம் அதில் அடக்கம்.

நடிகை ஜீன் செபர்க், கறுப்பின இயக்கங்களில் ஒன்றான கறுப்புச் சிறுத்தைகள் கட்சிக்குப் பணம் கொடுத்தவர். 1970இல் அவர் கருவுற்றிருந்தபோது, குழந்தைக்குத் தந்தை அந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்று சினிமாக் கிசுகிசு எழுத்தாளர்களிடம் புரளி விட லாஸ் ஏஞ்சல்ஸ் அலுவலகம் அனுமதி கேட்டது. வயிறு நன்றாகத் தெரியும்வரை இரண்டு மாதம் பொறுங்கள் என்று தலைமையகம் பதில் எழுதியது. புரளி அச்சேறியது. அந்த ஆகஸ்டில் குறைமாதத்தில் பிறந்த குழந்தை இரண்டே நாளில் இறந்தது. 1979இல் செபர்க் இறந்த பிறகே எஃப்.பி.ஐ. தன் பங்கை ஒப்புக்கொண்டது. கட்டுக்கதைகளை மக்கள்தான் கிளப்புவார்கள், அரசு மறுக்கும் என்ற எண்ணம் இங்கே தலைகீழாகிறது. கதை கட்டியதே அரசு.

மார்ட்டின் லூதர் கிங்குக்கு நடந்தது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய கொடுமை. 1964 அக்டோபரில் நோபல் பரிசு அறிவிப்பு. நவம்பரில் அவருக்கு ஒரு பொட்டலம். விடுதி அறைகளில் ரகசியமாகப் பதிந்த ஒலிநாடாவும், கறுப்பர் ஒருவர் எழுதியதுபோல் ஒரு மொட்டைக் கடுதாசியும். ‘உனக்கு 34 நாள் அவகாசம், செய்ய வேண்டியது ஒன்றுதான்’ என்ற பொருளில் அது முடிந்தது. தற்கொலை செய்துகொள்ளச் சொல்கிறார்கள் என்றே கிங் புரிந்துகொண்டார். அனுப்பியது யார் என்பதையும் சரியாகவே ஊகித்தார். அவருடைய ஊகத்துக்கு ஆதாரம் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை.

இங்கேதான் கடினமான இடம் வருகிறது. தற்கொலைக்குத் தூண்டிய அமைப்பு, 1968 ஏப்ரல் 4 அன்று மெம்பிஸில் அவரைச் சுட்டுக் கொன்றதிலும் பங்கு கொண்டதா? கிங்கின் குடும்பம் அப்படித்தான் நம்பியது. அமெரிக்கக் கறுப்பின மக்களில் பலரும் நம்பினார்கள். அலபாமாவில் மேகப்புண் நோய் கண்ட 399 கறுப்பின ஆண்களை, பெனிசிலின் கைக்கு வந்த பிறகும் சிகிச்சை கொடுக்காமல் 1932 முதல் 1972 வரை அரசு சுகாதாரத்துறை வேடிக்கை பார்த்ததை அறிந்த மக்கள் அவர்கள். அவர்களுடைய சந்தேகத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல எவருக்கும் அருகதை இல்லை.

ஆனாலும் மரியாதை வேறு, தீர்ப்பு வேறு. கொலையை மறுபடி ஆராய்ந்த பிரதிநிதிகள் சபைக் குழு 1979இல் அறிக்கை தந்தது. கிங்குக்கு எதிரான எஃப்.பி.ஐ.யின் செயல்களை அது கடுமையாகக் கண்டித்தது. கொலைக்குத் தண்டனை பெற்ற ஜேம்ஸ் எர்ல் ரேயின் பின்னால் ஒரு சதி இருந்திருக்கக்கூடும் என்றும் சொன்னது. ஆனால் அரசு அமைப்பு எதற்கும் கொலையில் பங்கில்லை என்று முடிவு செய்தது. 1999இல் மெம்பிஸில் கிங் குடும்பம் தொடுத்த உரிமையியல் வழக்கில், அரசு அமைப்புகளும் சதியில் இருந்தன என்று ஜூரி சொன்னது. மறு ஆண்டே நீதித்துறை அமைச்சகம் விசாரித்து, நம்பத்தக்க சான்று இல்லை என்றது. ஜூரியின் முடிவும் அமைச்சகத்தின் அறிக்கையும் ஒரே எடை உள்ளவை அல்ல. அந்த வழக்கில் எதிர்த்தரப்பு பெரிதாக மறுத்து வாதாடவே இல்லை. கடிதத்துக்கு ஆவணம் உண்டு, கொலைக்கு இல்லை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து சொல்பவர்கள், அறியாமலேயே எஃப்.பி.ஐ.க்கு உதவுகிறார்கள். நிரூபிக்க முடியாததைக் காட்டி நிரூபித்ததையும் கதை என்று ஒதுக்க அது வழி செய்கிறது.

நிலவில் மனிதன் இறங்கவே இல்லை என்ற கதையை இதே தராசில் நிறுத்தினால் வித்தியாசம் தெரியும். நிலவுப் பயணத் திட்டத்தில் சுமார் 4 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். அங்கே வைத்த கண்ணாடிகள் இன்றும் லேசர் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. கோயின்டெல்ப்ரோவை அறிந்தவர்கள் மிகச் சிலர். நோக்கம் குறுகியது, ஒவ்வொரு நடவடிக்கைக்கும் மேலதிகாரியின் கையெழுத்து தேவைப்பட்டது. கையெழுத்துத் தேவைப்பட்டதால் காகிதம் மிஞ்சியது.

சர்ச் குழுவுக்குப் பிறகு எஃப்.பி.ஐ. இயக்குநரின் பதவிக்காலம் 10 ஆண்டு என்று சட்டமானது. ஹூவர் 48 ஆண்டு இருந்தார். உளவு அமைப்புகளைக் கண்காணிக்க நிரந்தரச் செனட் குழு வந்தது. வெளிநாட்டு உளவுக்காக அமெரிக்க மண்ணில் ஒட்டுக்கேட்பதற்கு 1978 முதல் ஒரு தனி நீதிமன்றத்தின் அனுமதி கட்டாயமானது. கிங்கை ஒட்டுக்கேட்ட ஒலிநாடாக்களையும் அவற்றின் எழுத்துப் படிகளையும் அழிக்காமல், தேசிய ஆவணக் காப்பகத்தில் முத்திரையிட்டு 50 ஆண்டு வைத்திருக்க 1977 ஜனவரியில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் உத்தரவிட்டார். அந்தக் கெடு 2027இல் முடிகிறது.

(தொடரும்)