எடை எழுதும் நோட்டு

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரகசியம் வெளியே வந்தது, ஒரே ஒரு தலைமுடியால்!

பெருமாளுக்கென்று கட்டிய மாலையை மகள் முதலில் தான் சூடி, கிணற்று நீரில் அழகு பார்த்துவிட்டு, பிறகு கூடையில் வைத்தாள். பெரியாழ்வாருக்கு இது தெரியாது. ஒருநாள் மாலையில் ஒட்டியிருந்த முடி காட்டிக்கொடுத்துவிட்டது. உங்களுக்குத் தெரிந்த ஆண்டாள் கதைதான்.

நம்மைக் காட்டிக்கொடுக்க இன்றைக்கு முடிகூட வேண்டாம். ஒரு ஃபாரம் போதும்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே பஞ்சு மில், இங்கே கோபுரமும் பால்கோவாவும். யோகா ஸ்டூடியோ, எடைக்குறைப்பு சென்டர், ஸ்பா என்பதெல்லாம் மெட்ராஸ்காரர்கள் சங்கதி என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இந்த மாதிரி ஊர்களிலும் சேரலாம். (பால்கோவா ஊரில் எடை குறைக்கச் சேர்வதே வெளியில் சொல்ல முடியாத ரகசியம், அது வேறு விஷயம்!)

சேர்ந்த அன்று ஒரு ஃபாரம் நீட்டுவார்கள். பெயர், வயது, மொபைல் நம்பர். அப்புறம் எடை, இடுப்புச் சுற்றளவு. சர்க்கரை உண்டா? பிரஷர்? தைராய்டு? மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? ஆபரேஷன் ஏதாவது? மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

கூடப் பிறந்தவர்களிடம்கூடச் சொல்லாததை இரண்டு நிமிடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அந்தக் காகிதம் அப்புறம் எங்கே போகிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

இந்தக் கேள்விக்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல். கிரேக்கத்தில் ஹிப்போகிரடிஸ் பெயரால் வழங்கும் உறுதிமொழி, சிகிச்சையின்போது காண்பதையும் கேட்பதையும் வெளியே சொல்லாதே என்கிறது. நம் சரக சம்ஹிதையில் மாணவனுக்கு குரு சொல்லும் கட்டளைகளிலும் இதே விஷயம் உண்டு. நோயாளி வீட்டுக்குள் போ. அந்த வீட்டு சமாச்சாரத்தை வெளியே கொண்டுவராதே! இரண்டு நாகரிகங்கள், ஒரே முடிவு. காரணம் எளிது. வாய் காக்காத வைத்தியனிடம் எவனும் உண்மையைச் சொல்ல மாட்டான். உண்மை தெரியாமல் மருந்து கொடுத்தால் ஆள் தேறமாட்டான்.

சித்தர்கள் விஷயம் சுவாரசியமானது. மருந்துச் சரக்கின் பெயரையே பரிபாஷையில் மறைத்துத்தான் ஏட்டில் எழுதினார்கள். நோயாளியின் விவரமோ ஏட்டுக்கே வராது. வைத்தியர் மனசுக்குள் இருக்கும். பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்கு ஊரில் பாதி வீட்டுக் கதை தெரியும். அவள் வாய் திறந்தால் மறுநாள் கூப்பிட ஆள் இருக்காது. பிழைப்புதான் பூட்டு. அந்தப் பூட்டும் சில சமயம் திறந்துகொள்ளும், மறுக்கவில்லை. ஆனால் ஆளோடு ரகசியமும் போய்விடும். நோட்டுப் புத்தகம் அப்படிப் போகாது.

நோட்டுக்குள் மனிதனை அடைத்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க நாம் தூரதேசம் போக வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, உசிலம்பட்டிப் பக்கம் போனால் போதும். 1911-ம் வருடக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஜனங்கள் ‘ரேகைச் சட்டம்’ என்றே சொன்னார்கள். குற்றம் செய்தவனா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. ஒரு சாதியில் பிறந்ததற்காகவே பெயரைப் பதிந்து, கைரேகையை வாங்கினார்கள். பெருங்காமநல்லூர் ஜனங்கள் மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ல் போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆயிற்று.

ஃபாரத்தையும் துப்பாக்கியையும் ஒன்றாகப் பேசலாமா என்று கேட்பீர்கள். இரண்டும் ஒன்றில்லைதான். ஆனால் நம் உடம்பின் விவரம் யார் கையில், எதற்காக என்ற கேள்விக்கு இந்தப் பக்கத்து மக்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

1986-க்கு வாருங்கள். சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் நடந்த பரிசோதனையில் வந்த முடிவு அது. மகத்தான வேலை, சந்தேகமில்லை. ஆனால் ரத்தம் கொடுத்த பெண்களுக்கு அது எதற்கு என்று சொல்லவில்லை. நிர்மலாவே பின்னாளில் சொன்னது இது. அந்தக் காலத்தில் ஏழைப் பெண்ணிடம் சம்மதம் கேட்கும் வழக்கமே எழவில்லை.

1995-ல் நாகாலாந்திலிருந்து ஒரு நோயாளிக்குத் துணையாகச் சென்னை வந்தவர், தனியார் மருத்துவமனையில் ரத்தம் கொடுத்தார். சோதனையில் ஹெச்.ஐ.வி. தெரிந்தது. விஷயம் வெளியே போய், நிச்சயமான கல்யாணம் நின்றது. ஊரில் தலைகாட்ட முடியவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1998 தீர்ப்பில் அவருக்குப் பெயர் ‘திரு. எக்ஸ்’; ஆஸ்பத்திரிக்குப் பெயர் ‘இசட்’. ரகசியம் காப்பது கடமைதான், ஆனால் மணப்பெண்ணின் உயிர் ஆபத்தில் இருக்கும்போது அது முழுமையான கடமை ஆகாது என்றது கோர்ட். நியாயம்தான். அதோடு நில்லாமல், இப்படிப்பட்டவருக்குக் கல்யாண உரிமையே இடைநிறுத்தம் என்றும் எழுதிவிட்டது. அந்தப் பேச்சு அந்த வழக்குக்குத் தேவையில்லாதது என்று 2002-ல் அதே கோர்ட் சொன்னது.

இனி வருவது, நம் விருதுநகர் மாவட்டத்துக் கதை.

2018 டிசம்பர். சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம். அதில் ஹெச்.ஐ.வி. இருந்தது. கொடுத்த இளைஞருக்கு அது தெரியாது. வெளிநாட்டு வேலைக்காகச் சோதனை செய்தபோதுதான் தெரிந்தது. பதறிப்போய், தானாகவே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அப்புறம் இன்னொரு உண்மை வந்தது. இரண்டு வருடத்துக்கு முன், 2016-லேயே அவர் கொடுத்த ரத்தத்தில் தொற்று கண்டுபிடிக்கப்பட்டிருந்தது! விவரம் பதிவாகியிருந்தது. உரியவருக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. அந்த டிசம்பர் முடிவதற்குள் அந்த இளைஞர் தற்கொலை செய்துகொண்டார்.

யோசித்துப் பாருங்கள். ரகசியம் என்றால் மற்றவர்களுக்குச் சொல்லாமலிருப்பது என்றுதானே நினைக்கிறோம்? அது பாதிதான். உரியவனுக்குச் சொல்வது மறு பாதி. ஒருவனைப் பற்றி எழுதிவைத்த நோட்டு, அவனுக்கே மூடிக் கிடந்தால் அது வெறும் பூட்டிய அலமாரி.

டாக்டர்களுக்கு 2002-ல் வந்த நெறிமுறை விதிகள் இரண்டையும் சொல்கின்றன. நோயாளி விவரத்தைக் காக்க வேண்டும். உள்நோயாளிக் குறிப்புகளை 3 வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். ஆனால் உங்கள் யோகா மாஸ்டர் டாக்டர் இல்லையே! அவர் எந்த உறுதிமொழியும் எடுக்கவில்லை. டாக்டர் கேட்கும் கேள்விகளையெல்லாம் கேட்கிறார். டாக்டருக்குள்ள கட்டு அவருக்கு இல்லை.

பெரிய கம்பெனிகளே இதில் சறுக்கியிருக்கின்றன. பெண்கள் மாதவிடாய்த் தேதி குறித்துவைக்கும் ‘ஃப்ளோ’ என்ற செயலி, அந்த விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற கம்பெனிகளுக்குப் போகவிட்டது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டி, 2021-ல் சமரசத்துக்கு வந்தது. கோடிக்கணக்கில் ஆட்கள் நம்பிய செயலிக்கே இந்தக் கதி.

சட்டம் இல்லையா? உண்டு. 2017 ஆகஸ்ட் 24 அன்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023-ல் தனிநபர் தரவுச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் உயிர் பெறும் என்று ஏற்பாடு. சட்டத்தில் நல்ல அம்சங்கள் உண்டு. எதற்குக் கேட்கிறோம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், தமிழில் கேட்டால் தமிழில் சொல்ல வேண்டும். சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ, அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெற முடிய வேண்டும். மீறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை.

ஆஹா என்று கைதட்டுவதற்குள் மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, இந்தச் சட்டம் டிஜிட்டல் விவரத்துக்குத்தான். ஸ்டூடியோவின் நீள நோட்டு அப்படியே நோட்டாகவே இருக்கும்வரை இதில் சிக்காது. யாராவது அதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டால்தான் கதை மாறும். இரண்டு, மாவட்ட கோர்ட் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறதே என்று அங்கே போக முடியாது. சிவில் கோர்ட்டுக்கு இதில் இடமில்லை. முதலில் ஸ்டூடியோவிடமே புகார், பிறகு தரவுப் பாதுகாப்பு வாரியம். மூன்று, அந்த 250 கோடியும் அரசாங்கக் கஜானாவுக்கு. மானம் போன உங்களுக்கு அதிலிருந்து ஒரு பைசா கிடையாது!

ஆகவே ஃபாரம் நீட்டும்போதே கேட்டுவிடுங்கள். இந்தக் கேள்வி எதற்கு? நோட்டை யார் யார் பார்ப்பார்கள்? ‘முன்’, ‘பின்’ என்று என் படத்தை விளம்பரத்தில் போடுவீர்களா? நான் நின்ற பிறகு என் பக்கத்தைக் கிழித்துப் போடுவீர்களா? நல்ல மாஸ்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். முதுகு வலியையும் பிரஷரையும் அவரிடம் மறைக்கவும் வேண்டாம். ஆசனம் தப்பினால் அவஸ்தை உங்களுக்குத்தான். இடுப்பு வலிக்கு வந்தவரிடம் சம்பளம் எவ்வளவு என்று ஃபாரம் கேட்டால் மட்டும், அந்தக் கோட்டைக் காலியாக விட்டுவிட்டுப் பேனாவை மூடிவிடுங்கள்.