ஸ்டோனோ கிளர்ச்சி

பிரிட்டிஷ் குடியேற்றமான தென் கரோலினாவில் 1739 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை அடிமைகள் ஆயுதமேந்தி எழுந்த நிகழ்ச்சி. அமெரிக்கப் புரட்சிக்கு முன் பிரிட்டிஷாரின் வட அமெரிக்கப் பெருநிலத்தில் மூண்ட அடிமை எழுச்சிகளுள் இதுவே பெரியது எனப்படுகிறது.

நெல் வேளாண்மைக்காக ஆப்பிரிக்கர்கள் கப்பல் கப்பலாக இறக்கப்பட்டதால், 1708 வாக்கிலேயே அங்கு வெள்ளையரைவிடக் கறுப்பர் தொகை மிகுந்திருந்தது. தெற்கே ஸ்பானிய ஃபுளோரிடா, தப்பி வந்து கத்தோலிக்கம் தழுவுவோருக்கு விடுதலை அளித்தது. 1738இல் செயின்ட் அகஸ்டின் அருகே அவர்களுக்கென மோசே கோட்டையும் எழுந்தது.

எழுச்சி நாளன்று விடியுமுன் ஸ்டோனோ ஆற்றருகே ஏறத்தாழ இருபது பேர் கூடினர். ஹட்சின்சன் கடையில் இருந்த இருவரைக் கொன்று, துப்பாக்கிகளும் வெடிமருந்தும் எடுத்துக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டனர். வழியில் வெள்ளையர் வீடுகள் எரிந்தன. ஆனால் வாலஸ் என்ற விடுதிக்காரர், தம் அடிமைகளிடம் அன்பாக நடந்தவர் என்பதற்காக உயிரோடு விடப்பட்டார். கொடி பிடித்து, முரசறைந்து, விடுதலை முழக்கத்துடன் அவர்கள் நடந்தனர். வழிநெடுக ஆட்கள் சேர்ந்தனர். எதிரே குதிரையில் வந்த துணை ஆளுநர் வில்லியம் புல் தப்பியோடினார். எடிஸ்டோ ஆற்றை நெருங்கியதும் ஒரு வயலில் நின்று ஆடிப் பாடி முரசு கொட்டினர். சுற்றுப்புறத்தாரை அழைக்கவே நின்றனர் என்பது பலர் கருத்து. பிற்பகலில் குடிப்படை அங்கே வந்து தாக்கியது. தப்பிய சிலர் பின்னர் பிடிபட்டனர். வெள்ளையருள் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கறுப்பர் இழப்பு இதைவிட மிகுதி. தொகையில் குறிப்புகள் வேறுபடுகின்றன.

தலைவர் பெயர் ஜெம்மி என்று அக்காலக் குறிப்பு ஒன்று கூறும். 1930களில் பதிவான குடும்ப வாய்மொழி மரபு கேட்டோ என்கிறது. கிளர்ச்சியாளர்கள் கொங்கோ நாட்டுக் கத்தோலிக்கர், போர்ப் பயிற்சி உடையோர் என்பது வரலாற்றாசிரியர் ஜான் தார்ன்டனின் வாதம். மரியன்னையின் பிறப்பு விழாவுக்கு மறுநாள் எழுச்சி நிகழ்ந்ததைச் சிலர் இதனோடு இணைத்துக் காண்பர். வெள்ளை ஆண்கள் தேவாலயத்துக்கும் ஆயுதத்தோடு வரவேண்டும் என்ற சட்டம் நடப்புக்கு வருமுன் முந்திக்கொண்டனர் என்பது மற்றொரு விளக்கம். கிளர்ச்சியாளர் தாமே சொன்னதாக ஒரு வாக்குமூலமும் எஞ்சவில்லை. நமக்குக் கிட்டியவை அடக்கியோர் தரப்பு எழுத்துகளே.

1740ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகள் கூடுவதையும் முரசு, கொம்பு வைத்திருப்பதையும் தடுத்தது. அவர்களுக்கு எழுதக் கற்பிப்பது குற்றமாயிற்று. எழுச்சி தொடங்கிய இடம் 1974இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.