முத்திரை மோதிரம்: அழகும் அமானிதமும்

அருங்காட்சியகங்களில் பழைய இஸ்லாமிய மோதிரங்களைக் காணும்போது நம் கண்கள் முதலில் கல்லின் நிறத்தையே நாடுகின்றன. ஆனால், அவற்றை அணிந்திருந்தோர் பலருக்கு நிறத்தைவிட அக்கல்லில் செதுக்கப்பட்ட எழுத்தே பெரிதாக இருந்தது. ஏனெனில், அந்த மோதிரமே அவர்களது கையொப்பம்.

ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின்னர் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் அயல்நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் எழுத நாடினார்கள். முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் ஏற்பதில்லை என்று கூறப்பட்டபோது வெள்ளி மோதிரம் ஒன்றைச் செய்துகொண்டார்கள். அதில் ‘முஹம்மது ரசூலுல்லாஹ்’ என்னும் வாசகம் மூன்று வரிகளில் பொறிக்கப்பட்டிருந்தது. அதே வாசகத்தைப் பிறர் தம் மோதிரத்தில் பொறிக்கக் கூடாது என்றும் தடுத்தார்கள். அதன் குமிழ் அபிசீனியக் கல் என்று ஓர் அறிவிப்பும், வெள்ளியே என்று மற்றோர் அறிவிப்பும் உள்ளன. ஒன்றுக்கு மேற்பட்ட மோதிரங்கள் இருந்திருக்கலாம் என்று அறிஞர்கள் இவற்றை இணைத்து விளக்குகின்றனர். குமிழை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பி அணிந்தார்கள் என்ற செய்தி நம் சிந்தனைக்குரியது. பிறர் பார்க்க அணியும் அணிகலன் அவ்வாறு திருப்பப்படுவதில்லை அல்லவா?

அந்த மோதிரம் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோரின் கைக்கு முறையே வந்தது. குபாவுக்கு அருகிலிருந்த அரீஸ் கிணற்றின் விளிம்பில் உஸ்மான் (ரலி) அவர்கள் அமர்ந்திருந்தபோது அது நீரில் விழுந்தது. கிணற்று நீரை இறைத்து மூன்று நாட்கள் தேடியும் கிடைக்கவில்லை. அவர்கள் தேடியது வெள்ளியின் விலைக்காகவா? நபியவர்கள் விட்டுச்சென்ற ஓர் அமானிதத்தையே அவர்கள் தேடினார்கள்.

முத்திரையின்றிச் சென்ற கடிதத்தால் நேர்ந்த விளைவையும் வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். முஆவியா (ரலி) அவர்கள் ஒருவருக்கு ஒரு லட்சம் திர்ஹம் வழங்குமாறு எழுதிக் கொடுக்க, அவர் அதை இரண்டு லட்சமாகத் திருத்திப் பெற்றுக்கொண்டார். கணக்குப் பார்க்கும்போது இது வெளிப்படவே, கடிதங்களுக்கு முத்திரையிடும் ‘தீவானுல் காத்தம்’ என்னும் தனி அலுவலகம் தோன்றிற்று.

பிற்கால மோதிரங்களில் சூதுபவளம் எனப்படும் செந்நிற அகீக் கல் பெரிதும் விரும்பப்பட்டது. அது எளிதில் தேயாது. நுண்ணிய எழுத்தையும் தாங்கும். இன்றைய வைரத்தைப்போல் பல பட்டைகள் தீட்டாமல் அதைத் தட்டையாகவோ மேடாகவோ மெருகிட்டனர். தொடக்க நூற்றாண்டுகளில் புள்ளிகளற்ற, கோணங்கள் மிகுந்த கூஃபி எழுத்தில் பெயரும், இறைவன் மீதான நம்பிக்கையைக் கூறும் சிறு வாசகமும் இடம்பெற்றன. பின்னர் தைமூரியர், முகலாயர் காலங்களில் வளைந்தோடும் நஸ்தஃலீக் எழுத்தும் பூக்கொடிகளும் ஹிஜ்ரி ஆண்டும் இடம்பிடித்தன.

இம்மோதிரங்களைப் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. முத்திரைக்கான கல்லில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாக மாறியிருக்கும். களிமண்ணிலோ தாளிலோ பதித்தால்தான் நேராகும். தாயத்தாக அணிந்த கல்லில் எழுத்து நேராகவே இருக்கும். முன்னது பிறருக்கு அளிக்கும் வாக்குறுதி; பின்னது கல்லிடம் காவல் தேடும் நிலைக்கு மனிதனை எளிதில் இழுத்துச் செல்வது.

இன்று நம்மில் சிலர் வறுமை நீங்கும், கண்ணேறு அகலும் என்று நம்பி அகீக் மோதிரத்தை அதிக விலை கொடுத்து வாங்குகின்றனர். அக்கல்லின் சிறப்பைக் கூறுவதாகப் பரவியுள்ள செய்திகள் ஆதாரபூர்வமானவை அல்ல என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். ஆண்கள் வெள்ளி மோதிரம் அணிவதற்குத் தடையில்லை. கல் பதித்து அணிவதும் குற்றமன்று. நன்மையும் தீமையும் அக்கல்லின் கையில் இருப்பதாக எண்ணுவதே பிழை.

நம் முன்னோரின் மோதிரம் ‘இது என் சொல்; இதற்கு நானே பொறுப்பு’ என்று அறிவித்தது. கடன் பத்திரத்திலும் நிக்காஹ் பதிவேட்டிலும் கையொப்பமிடும் நாம் அப்பொறுப்பை உணர்கின்றோமா? கொடுத்த வாக்கைக் காப்பவர்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.