ஒரு கீறலின் வரலாறு

மாணவ மாணவியரே,

வரலாறு என்றவுடன் போர்க்களங்களும் முடிசூட்டு விழாக்களும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், மனிதர் பிறக்கும் அறைக்கும் ஒரு வரலாறு உண்டு. அங்கே கையாளப்படும் கருவிகளுக்கும் உண்டு. அவற்றுள் ஒன்றாகிய கத்தரிக்கோலைப் பற்றியே இன்று பேசப்போகிறேன். இது நாணுதற்குரிய பொருள் அன்று. உங்களுள் சிலர் நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் விளங்குவீர்கள்; பெரும்பாலோர் பெற்றோர் ஆவீர்கள்.

திருவண்ணாமலையில், கோயில் மணியோசை கேட்கும் தெருவொன்றில், ஒரு மருத்துவச்சியின் கையில் பிறந்தவன் நான். என் பேத்தி மருத்துவமனையில் பிறந்தாள். சுகப்பிரசவம் என்று மகிழ்ந்து சர்க்கரை வழங்கினோம். ஆனால் மூன்று வாரங்கள் கழிந்த பின்னும் என் மகளால் வலியின்றி உட்கார இயலவில்லை. "தலைப்பிரசவம் என்றால் எல்லாருக்கும் இந்தத் தையல் உண்டாம், அப்பா. எனக்கு அது தேவையாக இருந்ததா? முன்கூட்டி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!" என்றாள். விடையறியாத நான் நூல்களைத் தேடினேன்.

குழந்தையின் தலை வெளிப்படும் தறுவாயில், பிறப்பு வாயிலுக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட தசையைக் கத்தரித்து வழியை அகலமாக்கி, பின்னர் தைத்துவிடுவதே இச்சிகிச்சை. மருத்துவர் இதனை எபிசியோட்டமி என்பர். 1742ஆம் ஆண்டில் அயர்லாந்தின் டப்ளின் நகரத்து மருத்துவர் பீல்டிங் ஊல்டு, தாம் எழுதிய மகப்பேற்று நூலில் இதனை விவரித்தார். வாயில் மிகவும் இறுகிப் பிரசவம் தடைப்படும் நெருக்கடிக்கென அவர் சொன்ன வழி அது. எல்லாத் தாய்மாருக்கும் சொன்னதன்று.

அடுத்த நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1847இல் குளோரோபாம் மயக்கமும், 1867இல் லிஸ்டரின் கிருமி எதிர்ப்பு முறையும் வந்தபின், வெட்டுவதிலும் தைப்பதிலும் இருந்த அச்சம் குறைந்தது. 1920இல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்துப் பேராசிரியர் ஜோசப் டிலீ, தலைப்பிரசவங்களில் ஆயுதமும் கீறலும் முன்காப்பாகவே பயன்படுத்தப்பட வேண்டும் என்று வாதிட்டார். தானே கிழியும் புண்ணைவிட நேராக வெட்டிய புண் எளிதில் ஆறும் என்பது அக்கால நம்பிக்கை. கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. ஆனால் அதை யாரும் ஒப்பிட்டுச் சோதிக்கவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் 1844ஆம் ஆண்டிலேயே பிரசவ மருத்துவமனை தோன்றிவிட்டது. அதுவே இன்று எழும்பூரில் விளங்குவது. ஆயினும் சிற்றூர்களில் நிலைமை வேறாக இருந்தது. நம் ஊரிலிருந்து செஞ்சி வழியாகக் கிழக்கே சென்றால் திண்டிவனம் வரும். அங்கே 1890களில், ஒரே இரவில், மூன்று குடும்பத்தார் பிரசவ வேதனையில் தவித்த பெண்களுக்காக ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண்ணை அழைத்தனர். அவரோ மருத்துவம் பயிலாதவர். அவருடைய தந்தையார் மருத்துவர். ஆனால் ஆண் மருத்துவர் வருவதற்கு அவர்கள் இசையவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அந்த இரவே ஐடாவை மருத்துவராக்கியது. 1900இல் திரும்பி வந்து வேலூரில் பணி தொடங்கிய அவர், 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியும் நிறுவினார். ஆகவே, மருத்துவமனை வேண்டாம், பழங்காலமே நன்று என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். மருத்துவமனை எண்ணற்ற தாய்மாரைக் காத்தது. ஆனால் காக்கும் கலையோடு கேள்வியற்ற பழக்கங்களும் உடன் வந்தன. தலைப்பிரசவம் என்றாலே கத்தரிக்கோலை எடுப்பது நம் நாட்டுப் பல மருத்துவமனைகளில் வழக்கமாயிற்று.

அப்பழக்கத்தை நோக்கிக் கேள்வி எழுப்பியவர்களுள் ஒருவர், இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெனிபர் ஸ்லீப் என்னும் மருத்துவச்சி. 1000 தாய்மாரை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வின் முடிவை அவர் 1984இல் வெளியிட்டார். ஒரு பிரிவில் 51 விழுக்காட்டினருக்கும், மற்றதில் 10 விழுக்காட்டினருக்கும் கீறல் செய்யப்பட்டது. கீறலைக் குறைத்ததால் குழந்தைகளுக்குத் தீங்கு நேரவில்லை. தாய்மாரின் வலியும் மிகவில்லை. 1993இல் அர்ஜென்டினாவில் 2606 பெண்களிடம் நடந்த ஆய்வு மேலும் தெளிவு தந்தது. வழக்கமாகக் கீறிய பிரிவில் கடுமையான கிழிசல் 1.5 விழுக்காடு, தேவையறிந்து கீறிய பிரிவில் 1.2 விழுக்காடு. கிழிசலைத் தடுக்கும் என்று நம்பிச் செய்த கீறல் அதைத் தடுக்கவில்லை! 2018இல் உலக சுகாதார நிறுவனம், இயல்பான பிரசவத்தில் இதனை வழக்கமாகச் செய்யலாகாது என்று பரிந்துரைத்தது.

எனினும் கத்தரிக்கோலைத் தூக்கி எறிய வேண்டுவதில்லை. குழந்தையின் இதயத்துடிப்பு தளரும் வேளையிலும், ஆயுதம் கொண்டு குழந்தையை வெளிக்கொணர நேரும்போதும், இக்கீறல் உயிர்காக்கும் துணையாகலாம். வேண்டுவன இரண்டே: இவளுக்கு இது தேவையா என்ற ஆராய்ச்சி, அவளிடம் சொல்லி இசைவு பெறும் மரியாதை.

இங்கே என் குறையையும் ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் நான் பிரம்பு எடுத்ததுண்டு. என் ஆசிரியர்கள் எடுத்தார்கள், ஆகவே நானும் எடுத்தேன். அதனால் எந்தப் பிள்ளைக்காவது கணக்கு வந்ததா என்று எண்ணிப் பார்க்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. நல்லெண்ணம் உடையவர்களும் பழக்கத்தால் பிறரை நோகச் செய்யக்கூடும்.

என் மகளுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "உனக்கு அது தேவையாக இருந்ததா என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல இயலாது, அம்மா. ஆனால் நீ கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள், நீ கேட்பதற்கு முன்னரே சொல்லியிருக்க வேண்டும்."

மாணவ மாணவியரே, நாளை உங்கள் கையில் எந்தக் கருவி வந்து சேர்ந்தாலும், அதை எடுக்கும் முன் என் மகளின் கேள்வியை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.