பூக்கும் தாவரங்களின் உபவகுப்புகளும் துறைகளும்

ஜோகூர் மாநிலத்துப் பெக்கோக் வட்டாரத் தோட்டங்களில் வளரும் பால்மரமும் செம்பனையும், தாவர சாஸ்திரிகள் புஷ்பிக்கும் தாவரங்களை வகுக்கும் முறைக்குச் சிறந்த உதாரணங்களாகும். 1981இல் அமெரிக்கரான ஆர்தர் குரோன்குவிஸ்ட், இருவித்திலைத் தாவரங்களை 6 உபவகுப்புகளாகவும் ஒருவித்திலைத் தாவரங்களை 5 உபவகுப்புகளாகவும் பிரித்து, பால்மரத்தை ரோசிடே உபவகுப்பின் யூபோர்பியேலிஸ் துறையிலும், செம்பனையை அரேசிடே உபவகுப்பின் அரேக்கேலிஸ் துறையிலும் அமைத்தார். ‘இடே’ என்னும் விகுதி உபவகுப்பையும் ‘ஏலிஸ்’ என்பது துறையையும் உணர்த்தும். உருவ லட்சணங்களினும் மரபணுவின் சாட்சியத்தையே பிரதானமாகக் கொண்ட ஏ.பி.ஜி. (பூக்கும் தாவர இனவரலாற்றுக் குழு) முறை, 1998இல் உபவகுப்புப் பெயர்களைக் கைவிட்டுப் பால்மரத்தை மால்பிகியேலிஸ் துறையில் சேர்த்தது. செம்பனையோ பழைய துறையிலேயே நிலைத்தது. ஆமணக்கும், பஞ்சகாலத்தில் தோட்ட மக்களின் பசியாற்றிய மரவள்ளியும் பால்மரத்தின் குடும்பத்தினவே என்னும் உறவை இம்மாற்றம் குலைக்கவில்லை. குரோன்குவிஸ்ட் தனித்துறையாக ஒதுக்கிய, இலையும் தண்டுமற்ற ஒட்டுண்ணியாகிய ராபிளீசியாவும் இன்று மால்பிகியேலிஸைச் சேர்ந்ததே என்பது மிகுந்த ஆச்சரியம் தருவது.