ஃப்ளோ கன்ட்ரி பறவைக் கணக்கெடுப்பு

ஃப்ளோ கன்ட்ரி என்பது ஸ்காட்லாந்தின் வடகோடியில், கெய்த்னஸ், சதர்லாந்து வட்டாரங்களில் ஏறத்தாழ 4,000 சதுர கி.மீ. பரப்பில் விரிந்துள்ள சதுப்பு நிலமாகும். பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாசிகள் மக்கிப் படிந்த 'பீட்' மண் இங்கு சில இடங்களில் 10 மீட்டர் ஆழம்வரை உள்ளது. 1980களில் இந்நிலத்தைக் காக்க எழுந்த முயற்சிக்கு, அங்கு கூடு கட்டும் பறவைகளின் கணக்கெடுப்பே முக்கியச் சான்றாக அமைந்தது.

பின்னணி

அக்காலத்தில் மரம் வளர்ப்போருக்குப் பிரித்தானிய அரசு பெரும் வரிச்சலுகை அளித்தது. இதனால் தொலைவில் வாழ்ந்த செல்வந்தர்களும் இங்கு முதலீடு செய்தனர். சதுப்பை உழுது, வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, வட அமெரிக்க ஊசியிலை மரங்களை நட்டனர். பயனற்ற நிலம் பசுமையாகிறது என்றே பலர் எண்ணினர்.

கணக்கெடுப்பு

அரசின் இயற்கைப் பாதுகாப்பு மன்றம் 1970களின் இறுதியிலிருந்து இங்குள்ள பறவைகளைக் கணக்கெடுத்துவந்தது. பொன்னிற உப்புக்கொத்தி, டன்லின் என்னும் சிறு உள்ளான், பச்சைக்கால் உள்ளான் ஆகியவை முதன்மையானவை. இவற்றுள் பச்சைக்கால் உள்ளான், குளிர்காலத்தில் நம் கோடியக்கரையிலும் காணப்படும் இனமாகும்.

மரம் நடப்பட்ட இடங்களில் முன்பு எத்தனை இணைகள் வாழ்ந்தன என்பதை எப்படி அறிவது? எஞ்சியிருந்த அதே வகைச் சதுப்பில் பறவைகளின் அடர்த்தியைக் கண்டறிந்து, அதைக் கொண்டு இழப்பை மதிப்பிட்டனர். 1987இல் வெளியான அறிக்கையின்படி, இம்மூன்று இனங்களிலும் 17 முதல் 19 சதவீதம் வரை இணைகள் இழக்கப்பட்டிருந்தன.

விளைவுகள்

1988 வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் நைஜல் லாசன் அந்த வரிச்சலுகையை நீக்கினார். புதிய நடவு வெகுவாகக் குறைந்தது. மன்றமோ 1991இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. இந்தச் சர்ச்சையும் அதற்கு ஒரு காரணம் என்று கருதுவோர் உண்டு. 1995இல் அரச பறவைகள் பாதுகாப்புச் சங்கம் ஃபோர்சினார்டில் நிலம் வாங்கியது. பின்னர் மரங்களை வெட்டி, வாய்க்கால்களை அடைத்து, சதுப்பை மீட்கும் பணி தொடங்கியது. 2024இல் ஃப்ளோ கன்ட்ரி உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.

முறையும் அதன் தேவையும்

மேட்டுநிலப் பறவைகளை எண்ணுவதற்குப் பிரவுன், ஷெப்பர்ட் ஆகியோர் 1993இல் வெளியிட்ட முறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. ஒரு சதுர கி.மீ. கட்டத்தை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் 20 முதல் 25 நிமிடம் நடக்க வேண்டும். எந்த இடமும் கணக்கெடுப்பவரின் பாதையிலிருந்து 100 மீட்டருக்கு அப்பால் இருக்கக் கூடாது. கூடு கட்டும் பருவத்தில் இருமுறை செல்ல வேண்டும். கூடு, முட்டை, குஞ்சு மட்டுமல்லாமல், எச்சரிக்கைக் குரலும் காயமுற்றதுபோல் நடித்து ஆளைத் திசைதிருப்புவதும்கூட இனப்பெருக்கத்தின் அடையாளங்களே. பலத்த காற்றும் மழையும் உள்ள நாள்கள் தவிர்க்கப்படும்.

நேரமும் தூரமும் வரையறுக்கப்படுவதற்குக் காரணம் உண்டு. ஒரே முறையில் எண்ணினால்தான் பத்து ஆண்டுகளுக்குப் பின் வரும் எண்ணிக்கையோடு ஒப்பிட முடியும். காட்டின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் தொலைவுவரை டன்லினும் பொன்னிற உப்புக்கொத்தியும் குறைவாகவே வாழ்கின்றன என்பது பிற்கால ஆய்வுகளில் தெரியவந்தது. ஆகவே மரம் நட்ட நிலத்தோடு இழப்பு நின்றுவிடவில்லை.

சட்டம் ஒரு நிலத்தைக் காக்க வேண்டுமானால், அங்கு என்ன இருக்கிறது என்பதை முதலில் யாரேனும் நடந்து சென்று எண்ணியிருக்க வேண்டும். அழிந்தபின் எண்ண ஒன்றும் இராது. ஃப்ளோ கன்ட்ரியின் வரலாறு உணர்த்துவது இதுவே.