எண்ணிய காசு, எடை போட்ட காசு

பொம்பெய் நகரத்து மதுக்கடைச் சுவர் ஒன்றில் விலை எழுதி வைத்திருந்தார்கள். சாதாரண மது ஒரு ஆஸ். கொஞ்சம் நல்லதென்றால் இரண்டு. உயர்ந்த ஃபலேர்னிய மது நான்கு. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பல் மூடியதால்தான் அந்த எழுத்து நமக்குக் கிடைத்தது.

ஆஸ் என்பது செம்புச் சில்லறை. ரோமானியரின் அன்றாட வாழ்க்கை இதில்தான் ஓடியது. 16 ஆஸ் சேர்ந்தால் ஒரு வெள்ளித் தினாரியஸ். 25 தினாரியஸ் ஒரு பொற்காசு. பேரரசர் அகஸ்டஸ் காலத்துப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தினாரியஸ். சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் அதிலேயே பிடித்தம் செய்தார்கள். பெரிய தொகைகளுக்கு மெழுகுப் பலகையில் ரசீது உண்டு. லூசியஸ் கேசிலியஸ் யுகுண்டஸ் என்ற பொம்பெய் வட்டிக்காரரின் வீட்டில் 1875இல் அப்படி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பலகைகள் கிடைத்தன.

அந்தச் செம்புச் சில்லறை அன்று தமிழகத்துக்கு வரவில்லை என்றே சொல்லலாம். வந்தவை வெள்ளியும் பொன்னும்தான்.

தகடூர் நாட்டை அதியமான்கள் ஆண்ட சங்க காலத்தில், தெற்கே கொங்கு மண்ணில் இந்தக் காசுகள் குவிந்தன. படியூர்ப் பச்சைக்கல், கொடுமணலின் மணிகள், மேற்குக் கரையின் மிளகு எல்லாம் கைமாறிய தடம் அது. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் இருவருடையவை.

ரோமில் தினாரியஸை எண்ணினார்கள். இங்கே அதன் எடையையும் மாற்றையும் பார்த்தார்கள் என்றே தோன்றுகிறது. தமிழகத்தில் கிடைத்த காசுகள் சிலவற்றில் பேரரசர் தலையின் மேல் உளியால் வெட்டிய கோடு இருக்கிறது. சிலவற்றில் துளையிட்டு, கழுத்தில் கோத்து அணிந்திருக்கிறார்கள். கி.பி. 64இல் நீரோ வெள்ளிக் காசின் எடையையும் தூய்மையையும் குறைத்தான். அதன் பிறகு அச்சான வெள்ளிக் காசுகள் இங்கே அரிதாகவே கிடைக்கின்றன. நம் வணிகர் அசந்து போகவில்லை.

இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் உறிஞ்சுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பினார். நான்கு செஸ்டர்ஸ் ஒரு தினாரியஸ். அவர் மிகைப்படுத்தியதாகப் பலர் நினைத்தார்கள். மேற்குக் கரைத் துறைமுகமான முசிறியோடு தொடர்புடைய 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று 1985இல் வெளியானது. ஹெர்மபொல்லோன் என்ற ஒரே கப்பலின் சரக்கு மதிப்பு அதில் சுமார் 70 லட்சம் செஸ்டர்ஸ்! அக்காலச் சம்பளக் கணக்கில் 5,800 சாதாரண வீரர்களின் ஓராண்டு ஊதியம். பிளினியை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது.

செம்பு பிந்தித்தான் வந்தது. 4, 5ஆம் நூற்றாண்டுகளின் தேய்ந்த சிறு ரோமானியக் காசுகள் கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைக்கின்றன. இலங்கையில் இன்னும் ஏராளம். அங்கே வந்த காசு போதாமல், அதே அச்சைப் பார்த்து உள்ளூரிலேயே போலிகள் செய்து புழங்கினார்கள்.